உடற்பயிற்சி பாதியில் நின்றுபோகாமல் இருக்க

"தினமும் உடற்பயிற்சி செய்வேன்" என்ற தீர்மானம் பெரும்பாலும் நிலைப்பதில்லை. எப்போது, எங்கே என்பது அதில் இல்லை. "காலையில் பல் துலக்கியதும் 10 நிமிடம் நடப்பேன்; மழை பெய்தால் வீட்டுப் படிகளில் ஏறி இறங்குவேன்" என்று தடங்கலுக்கான மாற்றையும் சேர்த்து எழுதிவையுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் முன்வைத்த உத்தி இது.

பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் வாரமே அதை எட்டப் பார்த்தால் உடல் வலிக்கும், மனமும் விட்டுப்போகும். ஒவ்வொரு வாரமும் தினசரி நேரத்தில் 5 நிமிடம் கூட்டுங்கள். பயிற்சியின்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம்.

என்ன பயிற்சி என்பதை மட்டும் நீங்களே தேர்ந்தெடுங்கள். உளவியலாளர்கள் டெசி, ரையன் ஆகியோரின் சுயநிர்ணயக் கோட்பாட்டின்படி, குற்றவுணர்வால் செய்வதைவிடப் பிடித்துச் செய்வதே நீடிக்கும்.