இரண்டு மணி நேர சைக்கிள் ரைடு: என்ன குடிப்பது, எப்போது சாப்பிடுவது?

சென்னையில் புதிதாக ரோடு பைக் வாங்கியவர்கள் ஆசையாகக் கிளம்பும் முதல் நெடுந்தூரம் பெரும்பாலும் முட்டுக்காடுதான். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்த் திரும்பினால் சுமார் 40 கி.மீ. புதியவருக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். போகும்போது எல்லாரும் நன்றாகவே போவார்கள். திரும்பும் வழியில் உத்தண்டி, பனையூர் வரும்போது கால் கனக்கும், தலை லேசாகக் கிறுகிறுக்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். 'நமக்கு ஸ்டாமினா பத்தாது' என்று பலர் அத்தோடு சைக்கிளை மூலையில் சாத்திவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஏனென்றால் பல நேரம் குறை உடம்பில் இல்லை, கொண்டுபோன பாட்டிலில்தான் இருக்கிறது.

நம் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்து 400 முதல் 500 கிராம் வரை கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து இருப்பில் இருக்கும். அழுத்தி மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அது வெகுவாகக் குறைந்துவிடும். ராத்திரி தூங்கும்போதே கல்லீரலின் பங்கில் ஒரு பகுதி செலவாகிவிடுவதால், வெறும் வயிற்றில் கிளம்புகிறவர் குறைந்த இருப்போடுதான் கிளம்புகிறார். இதோடு வியர்வை வேறு. கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை காயாமல் சொட்டும். காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் உடம்பு இன்னும் வியர்க்கும்.

படி 1: உங்கள் வியர்வையை அளந்து பாருங்கள்

ஆளுக்கு ஆள் இது ரொம்பவே மாறும். மணிக்கு அரை லிட்டர் போகிறவரும் உண்டு, ஒன்றரை லிட்டர் போகிறவரும் உண்டு. ரைடுக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, முடிந்தவரை குறைந்த உடையில் எடை பாருங்கள். வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கு போடுவோம். கிளம்பும்போது 68 கிலோ, வந்தபோது 66.8 கிலோ, வழியில் குடித்தது 750 மி.லி. குறைந்த 1.2 கிலோவோடு குடித்ததையும் கூட்டினால் ஏறக்குறைய 2 லிட்டர். இரண்டு மணி நேர ரைடு என்றால் மணிக்கு ஒரு லிட்டர். எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. 68 கிலோவுக்கு அது சுமார் 1.4 கிலோ. ஆக இவர் முட்டுக்காடு வரை ஒரு பாட்டிலில் தப்பித்துவிடுவார். அதே ஆள் மாமல்லபுரம் போய்வர நாலு மணி நேரம் ஓட்டினால் நாலு லிட்டர் போய்விடும். இரண்டு பாட்டில் மாட்டிக்கொண்டு, வழியில் ஒரு தடவையாவது நிறைத்தே ஆக வேண்டும்.

ஜனவரியில் எடுத்த அளவை மே மாதத்துக்கு நம்பாதீர்கள். வெயில் மாறும்போது மறுபடி அளந்துவிடுங்கள்.

படி 2: பாட்டிலை வீட்டிலேயே கலக்குங்கள்

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ரைடுக்கு வெறும் தண்ணீர் போதும். அதைத் தாண்டினால் இப்படிக் கலந்துகொள்ளுங்கள்: 750 மி.லி. தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சம்பழம். சர்க்கரை சுமார் 38 கிராம் வரும், அதாவது 5 சதவீதக் கரைசல். 8 சதவீதத்தைத் தாண்டினால் வயிற்றில் தங்கிக் குமட்டும். அதனால் 'இன்னும் கொஞ்சம் தித்திப்பாக' என்று அள்ளிப் போடாதீர்கள்.

மருந்துக்கடை ஓஆர்எஸ் பற்றிக் கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் அதில் இருக்கும். உப்புக்கு அருமையானது. ஆனால் மிதிக்கத் தேவையான சர்க்கரை அதில் கிடையாது, சாப்பாட்டைத் தனியாக எடுத்துப் போக வேண்டும். இந்த அளவுக்கு ஒத்துவராத இனிப்பு பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. எதற்கும் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவதோ சோடியம். இளநீர் குடித்தால் கூடவே ஒரு சிட்டிகை உப்பும் நாக்கில் போட்டுக்கொள்ளலாம்.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் இந்தக் கலவையை மருத்துவரிடம் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

படி 3: கிளம்பும் முன்

காலை ஐந்து மணிக்குக் கிளம்ப இரண்டு மணிக்கு எழுந்து சாப்பிட முடியாது. முந்தின இரவு சோறோ இட்லியோ வயிறார சாப்பிடுங்கள். காலையில் அரை மணி நேரம் முன்னால் இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான்.

படி 4: சாலையில்

பசி வரும்வரை காத்திருக்காதீர்கள். ரைடர்கள் 'பாங்க்' என்று சொல்லும் அந்தத் திடீர்ச் சோர்வு வந்துவிட்டால், அதற்கப்புறம் சாப்பிட்டது வேலை செய்ய நேரமாகும். கைக்கடிகாரத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள். அடித்ததும் மூன்று நான்கு மடக்கு. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏதாவது வாயில் போடுங்கள். பாட்டிலும் தீனியும் சேர்ந்து மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வந்தால் போதும்.

பெரிய வாழைப்பழத்தில் 25 கிராமுக்கு மேல் கிடைக்கும், சின்ன ஏலக்கியில் ஏறக்குறைய பாதி. கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் ஜெர்சி பாக்கெட்டில் நசுங்காது. கடலை மிட்டாய் எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் கடலையின் கொழுப்பு மெதுவாகத்தான் செரிக்கும். அதை ரைடின் முதல் பாதியிலேயே தின்றுவிடுங்கள். வழியில் டிபனுக்கு நிறுத்தினால் நெய்ப் பொங்கலும் வடையும் வேண்டாம். இரண்டு இட்லி, தேவையென்றால் சர்க்கரை போட்ட காபி. பொங்கலை வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிடலாம்.

ஓடும் சைக்கிளில் பாட்டில் எடுக்கத் தெரியாவிட்டால் பலர் குடிப்பதையே தவிர்த்துவிடுகிறார்கள். காலி மைதானத்தில் பழகுங்கள். ஒரு கை ஹேண்டில்பாரின் நடுவுக்குப் பக்கத்தில், பார்வை முன்னால், மற்றக் கை தடவியே பாட்டிலைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை ஓரமாக நிறுத்திக் குடியுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொன்று, பயந்துகொண்டு லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரைக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். ரைடு முடிந்து எடை பார்த்தால் கூடியிருக்கக் கூடாது.

படி 5: வீடு திரும்பியதும்

குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் வீதம், அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்புப் போட்ட மோர் நன்றாக வேலை செய்யும். சாப்பாட்டில் சோறோடு முட்டையோ பருப்போ இருக்கட்டும்.

பாட்டிலை மட்டும் சாயங்காலம் வரை விட்டுவைக்காதீர்கள். சர்க்கரைத் தண்ணீர் ஊறினால் மூடியின் ரப்பர் வளையத்தில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். குளிக்கப் போகும் முன்பே வளையத்தைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மூடாமல் கவிழ்த்து வையுங்கள்.