பாக்கெட் கேமரா வாங்கப் போகிறீர்களா? முதலில் லென்ஸ் வளையத்தைப் படியுங்கள்

கடையில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவைக் கையில் எடுத்ததும் கண்ணில் படுவது மெகாபிக்சல் ஸ்டிக்கர்தான். 20, 48, 64 என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அதைக் கண்டுகொள்ளாதீர்கள். கேமராவை உங்கள் முகத்துக்கு நேராகத் திருப்பி, லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். விற்பவர் சொல்லாத பாதி விஷயம் அங்கே இருக்கிறது. கையில் பத்தாயிரம் ரூபாய் வைத்துக்கொண்டு முதல் கேமரா தேடுபவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: போன் இருக்கும்போது இது எதற்கு?

இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் வாங்க வேண்டாம். இரவுப் படத்திலும், வெயிலும் நிழலும் கலந்த காட்சியிலும் இன்றைய நடுத்தர விலை போனே பழைய பாக்கெட் கேமராவை வென்றுவிடும். போன் கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது. பத்து, பதினைந்து வருடப் பழைய கேமராவுக்கு அந்த வேலை தெரியாது.

கேமரா ஜெயிக்கும் இடங்கள் வேறு. ஒன்று, உண்மையான ஜூம். லென்ஸுக்குள் கண்ணாடிகள் நகர்ந்து தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவரும். படத்தை வெட்டிப் பெரிதாக்கும் வேலை இல்லை. இன்னொன்று பிளாஷ். போனில் இருப்பது எல்இடி விளக்கு. கேமராவில் இருப்பது செனான் பிளாஷ். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் வெட்டி மறைந்துவிடும். கல்யாண வீட்டில் துள்ளிக் குதிக்கிற பிள்ளைகள்கூட அதில் அசையாமல் பதிவாவார்கள். இளைஞர்கள் இப்போது 'டிஜிகேம்' என்று தேடி அலைகிற அந்தப் பழைய தோற்றத்தில் பெரும்பங்கு இந்த பிளாஷுக்குத்தான் உரியது. அப்புறம், படம் எடுக்கும்போது வாட்ஸ்அப் குறுக்கே வராது. எனக்கு அதுவே போதுமான காரணம்.

படி 2: மெகாபிக்சலை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள்

ஸ்டூடியோவில் போடும் 4×6 அங்குலப் பிரிண்டுக்குச் சுமார் 2 மெகாபிக்சல் போதும். 8×12 அங்குலத்துக்கு 9-க்குள் முடிந்துவிடும். ஆக 10 இருந்தால் தாராளம். அடுத்ததற்குப் போகலாம்.

படி 3: வளையத்தைப் படிப்பது

கேனன் பவர்ஷாட் எஸ்95 கேமராவை எடுத்துக்கொள்வோம். 2010-இல் வந்தது. அதன் லென்ஸில் 6.0-22.5 மி.மீ. என்றும் 1:2.0-4.9 என்றும் இருக்கும். சோனி சைபர்ஷாட் டபிள்யூ800-இல் 4.6-23.0 மி.மீ., 1:3.2-6.4. இந்த எண்களிலிருந்து மூன்று விஷயங்களைக் கறந்துவிடலாம்.

முதலில் ஜூம். மி.மீ. எண்களில் பெரியதைச் சின்னதால் வகுங்கள். டபிள்யூ800-க்கு 5 மடங்கு, எஸ்95-க்கு நாலுக்குச் சற்றுக் குறைவு. பெட்டியில் '16 மடங்கு' என்று போட்டிருந்தும் இந்தக் கணக்கில் வரவில்லையென்றால் அது டிஜிட்டல் ஜூம். வெறும் வெட்டி ஒட்டல்.

இரண்டாவது வெளிச்சம். 1:2.0 என்பதில் அந்த 2.0 எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 3.2-க்கும் 2.0-க்கும் சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் உள்ளே வரும் வெளிச்சம் அந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுகிறது. ஜூம் செய்யாத நிலையில் 2.0 லென்ஸ் இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். டியூப்லைட் வெளிச்சத்தில் வீட்டுக்குள் எடுக்கும் படம் தெளிவாக வருமா, கலங்கிப் போகுமா என்பது இங்கே முடிவாகிவிடுகிறது. ஜூம் செய்யச் செய்ய இந்த எண் ஏறும். இரண்டாவதாக எழுதியிருக்கும் 4.9, 6.4 அதைத்தான் சொல்கின்றன. அதனால் நீண்ட ஜூம் இருக்கிறது என்பதற்காக மயங்காதீர்கள். மாலை மங்கினால் அந்த ஜூமை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது சென்சார், அதாவது லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. இது பெரிதாக இருந்தால் நல்லது. வளையத்தில் இது நேரடியாக எழுதியிருக்காது, ஊகிக்க வேண்டும். அகலமான காட்சியில் தொடங்கும் கேமராக்களில் முதல் மி.மீ. எண் 4, 5-க்குள் இருந்தால் சென்சார் சின்னது, ஏறக்குறைய 6.2×4.6 மி.மீ. எஸ்95 போல 6 என்றால் அதைவிட ஒன்றரை மடங்கு பரப்பு. சோனி ஆர்எக்ஸ்100-இல் அந்த எண் 10.4. அதன் சென்சார் 13.2×8.8 மி.மீ., சின்னதைப் போல நாலு மடங்கு பரப்பு. 2012-இல் அது வந்தபோது சட்டைப் பைக்குள் இவ்வளவு பெரிய சென்சாரா என்று ஆச்சரியப்பட்டார்கள். ஒரு எச்சரிக்கை: 2000-களின் நடுவில் வந்த பல கேமராக்கள் அகலம் குறைந்த காட்சியில்தான் தொடங்கும். அவற்றில் 5.8 என்று இருந்தாலும் சென்சார் சின்னதுதான். மாடல் பெயரைப் போனில் தேடி சென்சார் அளவை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 4: புதிதா, பழையதா?

இணையக் கடைகளில் பெயர் தெரியாத நிறுவனங்களின் '48 மெகாபிக்சல், 4கே' கேமராக்கள் மலிவாகக் கிடைக்கும். இவற்றில் பலவற்றில் ஆன் செய்தால் லென்ஸ் வெளியே வரவே வராது. உள்ளே இருப்பது மலிவு போன் சென்சார். பெரிய எண்ணெல்லாம் படத்தை ஊதிப் பெருக்கிக் காட்டுவது. குழந்தை விளையாடத்தான் வேண்டும் என்றால் சரி, இல்லையென்றால் ஒதுக்குங்கள். புதிதாகவே வேண்டும் என்பவர்கள் கோடாக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்55 கிடைத்தால் பார்க்கலாம்: 16 மெகாபிக்சல், 5 மடங்கு உண்மையான ஜூம். (கோடாக் பெயரை உரிமம் பெற்று வேறு நிறுவனம் தயாரிக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள்.)

என் கட்சி பழைய கேமரா. 2010-இல் மட்டும் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின. அவற்றில் எத்தனையோ இன்னும் அலமாரிகளில் தூங்குகின்றன. கடைக்குப் போவதற்கு முன் சித்தப்பா வீட்டு, அத்தை வீட்டு டிராயரில் கேட்டுப் பாருங்கள். அப்புறம் ஓஎல்எக்ஸ், சென்னையில் இருந்தால் ரிச்சி தெரு, பர்மா பஜார் பக்கம் விசாரிக்கலாம். கேனன் எஸ்90, எஸ்95, எஸ்100, எஸ்110 வரிசை என் முதல் தேர்வு. வெளிச்சம் நன்றாக இருக்கும் இடங்களில் மட்டும் எடுப்பேன், ஜூம் வேண்டும் என்பவர்களுக்கு கேனன் இக்சஸ் வரிசை போதும். ஆர்எக்ஸ்100-இன் முதல் மாடல் உங்கள் பணத்துக்குள் வந்தால் யோசிக்காதீர்கள்.

பழைய கேமராக்களில் இருந்த ஒரு வகை சென்சார் சிசிடி. அதில் நிறம் அழகாக வரும் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். நிறம் என்பது பெரும்பாலும் கேமராவுக்குள் நடக்கும் கணக்கில் முடிவாவது. அந்த மூன்று எழுத்துக்காகக் காசு கூட்டித் தராதீர்கள். அதிலும் 2002 முதல் 2004 வரையிலான மாடல்களைத் தவிருங்கள். அந்தக் காலத்தில் சோனி தயாரித்த சில சிசிடி சென்சார்கள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பழுதானது 2005-இல் வெளியே வந்தது. பல நிறுவனங்களின் கேமராக்களில் அவை இருந்தன. நம் ஊர் வெயிலில் அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

படி 5: கையில் வாங்கிச் சோதிப்பது

உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். ஆன் செய்து அணைத்து, மறுபடி ஆன் செய்யுங்கள். லென்ஸ் திக்கித் திணறி வந்தாலோ, கரகரவென்று சத்தம் கேட்டாலோ திருப்பிக் கொடுத்துவிடலாம். லென்ஸ் மோட்டாரைச் சரிசெய்யும் செலவு கேமரா விலையைத் தாண்டும். ஜூமை முழுக்க இழுத்து விடுங்கள். வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. இந்த வகைக் கேமராவில் அதை நாமே துடைக்க வழியில்லை. செய்தித்தாள் பக்கம் ஒன்றை நேராக நின்று எடுங்கள். நாலு மூலையில் ஒன்று மட்டும் கலங்கியிருந்தால் எப்போதோ கீழே விழுந்த கேமரா அது. போன் டார்ச்சை லென்ஸில் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்க் கேமராக்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கடைசியாக பிளாஷ், வெளிச்சத்திலும் இருட்டிலும்.

பேட்டரியைக் கழற்றிப் போட்டதும் தேதி அழிந்துவிட்டால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்திருக்கும், படத்துக்கு ஒன்றும் ஆகாது. விலை பேச மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 6: பேட்டரியும் கார்டும்

பேட்டரி உப்பியிருந்தால் அதைத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். அந்த மாடல் பேட்டரி இப்போதும் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே தேடுங்கள்: எஸ்95-க்கு என்பி-6எல், ஆர்எக்ஸ்100-க்கு என்பி-பிஎக்ஸ்1. சார்ஜர் இல்லாமல் விற்றால் அந்த விலையைக் கழித்துக் கேளுங்கள், போன் ஒயர் இவற்றில் பலவற்றுக்குச் சேராது. பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி மாடல்களில் எக்ஸ்டி கார்டு வரும். அந்தக் கார்டு தயாரிப்பே நின்றுவிட்டது, தொடாதீர்கள். எஸ்டிஹெச்சி (2 ஜிபிக்கு மேற்பட்ட மெமரி கார்டு வகை) வருவதற்கு முந்தைய கேமராக்கள் 2 ஜிபிக்கு மேல் கார்டு ஏற்காது. மற்றபடி 16 அல்லது 32 ஜிபி கார்டு ஒன்று போதும்.

படி 7: வீட்டுக்கு வந்ததும்

தேதியை அமையுங்கள். கார்டைக் கேமராவிலேயே பார்மேட் செய்யுங்கள். மெனுவில் டிஜிட்டல் ஜூமை அணையுங்கள். ஐஎஸ்ஓவை (வெளிச்சம் குறைந்த இடத்தில் கேமரா படத்தைப் பிரகாசமாக்கும் அளவை) 400-க்கு மேல் போகாமல் கட்டுப்படுத்த வழியிருந்தால் செய்யுங்கள். சின்ன சென்சாரில் அதற்கு மேல் புள்ளி புள்ளியாகத் தெரிய ஆரம்பித்துவிடும். வீட்டுக்குள் எடுக்கும்போது ஜூம் செய்யாமல் இரண்டடி முன்னால் போய் எடுங்கள். லென்ஸ் அதிக வெளிச்சம் விடுவது அந்த நிலையில்தான். பல வாரம் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தோல் உறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துவைப்பதே அதுதான்.