ஆண் குழந்தைப் பெயருக்குச் சரியான பொருள் கண்டுபிடிப்பது எப்படி?

என் அத்தை மகள் பிரசவமாகி மூன்றாம் நாள் போன் பண்ணினாள். "பையனுக்கு ஆரவ்னு வைக்கலாம்னு இருக்கோம். அமைதின்னு அர்த்தமாம். சரிதானே?" சொந்தக்காரர்கள் வாட்ஸாப்பில் அனுப்பிய நாலைந்து பட்டியலிலும் அப்படித்தான் போட்டிருந்தது. மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஆரவ என்ற சொல்லுக்கு ஒலி, கூச்சல், அலறல், இடி முழக்கம் என்று இருந்தது. அமைதிக்கு நேர் எதிர்!

அவளிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பரவாயில்லை, நல்லா சத்தம் போட்டு வளரட்டும்" என்று அதே பெயரையே வைத்தாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. பிடித்த பெயரை வைக்கத் தடையே இல்லை, என்ன வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மனிதன் ஆயுள் முழுக்கச் சுமக்கப்போகும் சொல் அது, அதற்கு அரை மணி நேரம் செலவழிக்கலாம். அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்வது என்றுதான் எழுதுகிறேன். உங்கள் பெயரையே, உங்கள் அப்பா பெயரையே தோண்டிப் பார்க்கவும் இதே வழிதான்.

முதலில் ஒன்று. "இதற்கு என்ன அர்த்தம்" என்று தேடாதீர்கள், "இது எந்த மொழிப் பெயர்" என்று தேடுங்கள். பட்டியல்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் ஆரம்பிக்கின்றன. காதுக்கு ஒரே மாதிரி கேட்கும் இரண்டு பெயர்கள் இரண்டு ஊரில் பிறந்திருக்கலாம். கிரண் என்றால் நமக்கு ஒளிக்கதிர், சமஸ்கிருதம். அயர்லாந்தில் கீரன் என்று ஒரு பெயர் உண்டு, அது கருப்பைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது, கருநிறச் சிறுவன் என்ற மாதிரி பொருள். ஒன்று வெளிச்சம், இன்னொன்று இருட்டு. நீல் என்ற பெயரும் அப்படித்தான், இங்கே நீல நிறம், அங்கே நியால் என்ற பழைய ஐரிஷ் பெயரின் வழிவந்தது. ரையான் என்று அரபியில் வைத்தால் தாகம் தீர்ந்த, நீர்வளம் கொண்ட என்று பொருள், நோன்பு நோற்றவர்கள் சொர்க்கத்துக்குள் நுழையும் வாசலுக்கும் அதுவே பெயர். ஆங்கிலப் பெயரான ரயான் ஐரிஷ் குடும்பப் பெயரிலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவே கிடையாது.

ஆணா பெண்ணா என்பதும் மொழியைப் பொறுத்தே மாறும். நம்மிடம் நிகிதா பெண் பெயர். ரஷ்யாவில் அது ஆண் பெயர், சோவியத் தலைவர் நிகிதா குருஷேவ் பெயரை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். வெல்ல முடியாதவன் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து போனது அது. இத்தாலியில் ஆந்த்ரேயா ஆண், ஜெர்மனியில் பெரும்பாலும் பெண். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

மொழி தெரிந்துவிட்டதா? அப்புறம் அந்த மொழியில் அந்தப் பெயரை எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். தமிழில் எழுதிய வடிவத்தை மட்டும் வைத்துப் பொருள் தேடினால் தடுமாறிவிடுவோம், ஏனென்றால் நம் எழுத்தில் ஒரு ப-தான், அதுவே வடமொழியின் நான்கு ஒலிகளுக்கும் வேலை செய்கிறது. பாலகிருஷ்ணனையும் கோபாலனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 'பால' என்றுதான் எழுதுகிறோம். பாலகிருஷ்ணனில் வருவது குழந்தை என்று பொருள்படும் பால, வடமொழியில் ஆங்கில b போன்ற ஒலி. கோபாலனில் வருவது காப்பவன் என்ற பால, வடமொழியில் p போன்ற ஒலி. கோ என்றால் பசு, பசுக்களைக் காப்பவன். தனபாலும் இந்த இரண்டாவது வகை, செல்வத்தைக் காப்பவன். எத்தனையோ பட்டியலில் கோபாலனுக்குக் குழந்தை என்று போட்டிருக்கிறார்கள், எழுத்தைப் பார்க்காமல் போட்டது.

முராரியிலும் இதே சிக்கல். அரி என்று முடிவதால் ஹரியோ என்று தோன்றும். அது முரன் + அரி. இந்த அரிக்குப் பகைவன் என்று பொருள், முரன் என்ற அசுரனின் பகைவன். பெயரை எந்த இடத்தில் பிரிக்கிறோம் என்பதிலேயே பாதிப் பொருள் இருக்கிறது.

ஜப்பானியப் பெயர்களில் எழுத்து இல்லாமல் பொருளே சொல்ல முடியாது. ஒரே ஓசையைப் பல சித்திர எழுத்துகளில் எழுதலாம், எழுத்து மாறினால் பொருளும் மாறும். இச்சிரோ என்று கேட்டதும் முதல் மகன் என்று சொல்லிவிடுவார்கள், பொதுவாக அது சரியும்கூட. ஆனால் உலகப் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் இச்சிரோ சுசுகி வீட்டில் இரண்டாவது மகன். அவர் பெயரின் கடைசி எழுத்து மகனைக் குறிக்கும் 'ரோ' இல்லை, தெளிவு, பிரகாசம் என்பதைக் குறிக்கும் வேறொரு 'ரோ'. எழுத்தைக் கேட்காமல் பொருள் சொல்பவரை நம்பாதீர்கள்.

இனி அகராதி. சமஸ்கிருதப் பெயர் என்றால் மோனியர் வில்லியம்ஸ், 1899 பதிப்பு, ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்ப் பெயர் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடலாம். இரண்டிலும் குறில் நெடிலைச் சரியாகக் கொடுத்துத் தேடுங்கள். அகராதியில் அந்தச் சொல் அகப்படவில்லையா, அல்லது நேர் எதிரான பொருள் இருக்கிறதா, பட்டியல் சொன்னதை ஒதுக்கிவிடலாம். பத்துத் தளங்கள் ஒரே பொருளைச் சொல்கின்றன என்பது சான்று ஆகாது, பெரும்பாலும் ஒருவரிடமிருந்து மற்றவர் எடுத்துப் போட்டதாகத்தான் இருக்கும்.

அரபிப் பெயருக்கு வழியே வேறு. அங்கே பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து முளைக்கின்றன. ஹ-ம-த என்ற வேருக்குப் புகழ்தல் என்று பொருள். முஹம்மது, அஹ்மது, மஹ்மூது, ஹாமித் எல்லாம் அந்த ஒரே வேரின் கிளைகள். வேரைப் பிடித்துவிட்டால் ஒரு குடும்பத்தையே தெரிந்துகொண்ட மாதிரி. கூட்டுப் பெயர்களைத் துண்டாக்கிவிடக் கூடாது என்பதும் முக்கியம். அப்துர் ரஹ்மான் என்றால் அளவற்ற அருளாளனின் அடியான். அதில் அப்துல், அப்துர் என்று வரும் பகுதிக்குத் தனியாகப் பொருள் முழுமையடையாது, 'இன்னாருடைய அடியான்' என்று பாதியில் நின்றுவிடும், நம் ஊர் ராமதாஸில் ராமனை எடுத்துவிட்டுத் தாஸ் என்று மட்டும் கூப்பிடுவது போல. பேச்சு வழக்கில் ஓசை நெருங்கிப் போவதையும் கவனியுங்கள். அப்துல் கலாமின் தந்தை பெயர் ஜைனுலாப்தீன். அதைப் பிரித்தால் ஜைன் அல் ஆபிதீன், வணங்குபவர்களின் அணிகலன். எவ்வளவு அழகான பெயர்! பிரித்துப் பார்க்காதவருக்கு அந்த அழகு தெரியவே தெரியாது.

அப்புறம் பெயர் நடந்து வந்த பாதை. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. யோஹானான் என்ற எபிரேயப் பெயரை எடுங்கள். கடவுள் அருள் செய்தார் என்று பொருள். அது கிரேக்கத்துக்குப் போய், லத்தீனுக்குப் போய், ஆங்கிலத்தில் ஜான், ரஷ்ய மொழியில் இவான், ஸ்பானிய மொழியில் ஹுவான், இத்தாலியில் ஜொவான்னி, அயர்லாந்தில் ஷான். தமிழுக்கு வந்தபோது இரண்டு வழியில் வந்தது. சீர்திருத்தச் சபையினரின் பைபிளில் ஓசையைப் பிடித்து யோவான் ஆனது. கத்தோலிக்க வழக்கில் பொருளைப் பிடித்து அருளப்பர் ஆனது. அருள் அங்கேயே இருக்கிறது பாருங்கள். ஸ்தேவான் கிரேக்கத்தில் கிரீடம், தமிழில் முடியப்பர். பவுல் லத்தீனில் சிறியவன், தமிழில் சின்னப்பர். தெற்குச் சீமையில் அருளப்பன், முடியப்பன் என்று பெயர் வைத்திருப்பவர்கள் பலருக்கு அது இரண்டாயிரம் வருடப் பயணத்தின் கடைசி நிறுத்தம் என்று தெரியாது, சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

ஆனால் பாதையைச் சரிபார்க்காமல் தாவவும் கூடாது. சின்னப்பா என்ற பெயரெல்லாம் பவுல் இல்லை. புதுக்கோட்டை நடிகர் பி. யு. சின்னப்பாவின் இயற்பெயர் சின்னசாமி, அங்கே பவுலுக்கு இடமே இல்லை. குடும்பமும் ஊரும் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ஓசையை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துவருவதைத் தனித்தமிழ் ஆர்வலர்களும் செய்தார்கள். சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார், வேதம் மறை, அசலம் மலை. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனார், சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். தாத்தா பெயரை வைக்க வேண்டும், ஆனால் தமிழில் வேண்டும் என்று குடும்பத்தில் இழுபறி நடக்கும்போது இந்த வழியைத்தான் நான் சொல்வேன்.

வழியில் பெயர் உடைவதும் உண்டு. அலெக்சாண்டர் கிரேக்கத்தில் மனிதரைக் காப்பவன். அரபி பேசியவர்கள் முதலில் வரும் 'அல்' தங்கள் மொழியின் முன்னொட்டு என்று எடுத்துக்கொண்டதில் அது கழன்று இஸ்கந்தர் ஆனது, நம் பக்கம் வந்து சிக்கந்தர் ஆனது. மதநூலே சொல்லும் விளக்கத்தைக்கூட மொழி ஆய்வு வேறு மாதிரி பார்க்கலாம். தண்ணீரிலிருந்து எடுத்ததால் மோசே என்று பைபிள் சொல்கிறது. பிள்ளை, பிறந்தவன் என்று பொருள்படும் எகிப்தியச் சொல் அது, துத்மோஸ் என்ற மன்னன் பெயரில் வருவதும் அதுதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று அந்தச் சமூகம் நம்பும் பொருள், இன்னொன்று சொல்லின் வரலாறு, இரண்டுமே வேண்டியவை.

ஜெர்மானிய வழிப் பெயர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வில்லியம் என்றால் மன உறுதி + தலைக்கவசம். ராபர்ட் என்றால் புகழ் + ஒளி. இவற்றைச் சேர்த்து வாக்கியமாக்கப் பார்க்காதீர்கள், பல சமயம் சேராது. 11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வுல்ஃப்ஸ்டன் என்று ஒரு பிஷப் இருந்தார். ஓநாய் + கல். என்ன பொருள்? அம்மா பெயர் வுல்ஃப்கிஃபு, அப்பா பெயர் ஏதெல்ஸ்டன், இரண்டிலிருந்தும் பாதிப் பாதி. இப்போது நம் ஊரிலும் அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி எடுத்துப் பிள்ளைக்கு வைக்கிறார்களே, அதேதான்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது, ஏன் வைத்தார்கள் என்பது. சொல்லின் பொருள் ஒரு பக்கம், வைத்த காரணம் இன்னொரு பக்கம். கானா நாட்டின் அகான் மக்கள் பிறந்த கிழமையை வைத்துப் பெயர் வைப்பார்கள், வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை என்றால் குவாமே. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பிறந்த 1938 ஏப்ரல் 8 வெள்ளிக்கிழமைதான். நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் பாபாதுண்டே என்ற பெயர் உண்டு, அப்பா திரும்பி வந்துவிட்டார் என்று பொருள், தாத்தா இறந்த பின் பிறக்கும் பையனுக்கு வைப்பது. நம் பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். ஸ்டாலின் என்ற சொல்லின் வேர் ரஷ்ய மொழியில் எஃகு, அது ஒரு தலைவர் தானே வைத்துக்கொண்ட புனைபெயர். 1953 மார்ச் 1ஆம் தேதி பிறந்த மு. க. ஸ்டாலினுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் எஃகு இல்லை, அந்த வாரமே, மார்ச் 5ஆம் தேதி மறைந்த தலைவர் மீது தந்தைக்கு இருந்த மதிப்பு.

காரணம் தெரியாவிட்டால் சில பெயர்கள் வெட்கமாகக்கூடத் தோன்றும். பிச்சை, குப்பன், மண்ணாங்கட்டி. இந்தப் பெயர்களோடு வளர்ந்த ஒருவர் படிக்கும் காலத்தில் எவ்வளவு கேலியைத் தாங்கியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், இதையாவது சாவு கண்டுகொள்ளாமல் விட்டுவிடட்டும் என்று, பிறந்த குழந்தையைக் குப்பைமேல் கிடத்தி எடுத்து வைத்த பெயர் குப்பன். மங்கோலியாவிலும் இதே பயம்தான், இதே வழிதான். நெர்குய் என்று வைப்பார்கள், பெயரில்லாதவன். எனெபிஷ் என்று வைப்பார்கள், இவன் இல்லை. தீய ஆவி வந்து தேடினால் ஏமாந்து திரும்பட்டும் என்று.

இந்தக் காரணம் எந்த அகராதியிலும் இருக்காது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். "தாத்தா பேருக்கு என்ன அர்த்தம்" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "தாத்தாவுக்கு யார் பேர் வச்சது, அவருக்கு முன்னாடி பிறந்தவங்க எத்தனை பேர்" என்று கேளுங்கள், பேச ஆரம்பிப்பார்கள். சொல்லும்போதே போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.