படலையடியில் வந்து நிற்கும் குட்டிக்கு முதல் நான்கு மாதம்

மட்டக்களப்பில் நாய்க்குட்டியைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. ஒருநாள் காலையில் அதுவே படலையடியில் வந்து நிற்கும். பூனைக்குட்டியும் அப்படித்தான். வளர்ப்பதென்று முடிவெடுத்தால் முதலில் நிறையைப் பாருங்கள். மருந்தின் அளவு அதை வைத்துத்தான். குட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், பிறகு தனியே ஏறுங்கள், கழித்துப் பாருங்கள். பூனைக்குட்டிக்குச் சமையலறைத் தராசு போதும்.

அடுத்தது வயிற்றுப் பூச்சிக்கான மருந்து. வெளியே போகாத குட்டிக்கு ஏன் என்று கேட்பார்கள். தாயின் பாலோடே பூச்சி வந்துவிடும். வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றும். இரண்டு மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று.

இனித் தடுப்பூசி. பலர் சறுக்குவது இங்கேதான், நானும் சறுக்கினேன். ஒரு ஊசி போட்டாயிற்றே என்று குட்டியைக் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அடுத்த வாரம் வாந்தி, இரத்தக் கழிச்சல். பார்வோ என்ற வைரஸ் நோய். குட்டி தப்பவில்லை. தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது தீருமென்று பார்த்துச் சொல்லவும் முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் தாண்டும்வரை போடுகிறார்கள். அதுவரை தெருமண் வேண்டாம். பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சவர்க்காரத்துக்கும் சாகாது.

மூன்று மாதத்தில் விசர்நாய்க்கடி ஊசி, பிறகு வருடாவருடம். பூனைக்கும் வேண்டும். நாய்களுக்கு அரசே இலவசமாகப் போடுகிறது. எப்போது, எங்கே என்று உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

படுவான்கரைப் பக்கம் வயலோடு இருப்பவர்கள் நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசியையும் கேட்டுப் போடுங்கள். முதல்முறை இரண்டு ஊசி தேவை. மாரி வெள்ளம் வந்தபின் ஓடிப் பயனில்லை, புரட்டாதியிலேயே தொடங்குங்கள்.

உண்ணிக்குக் காதின் உள்ளேயும் விரலிடுக்கிலும் தினமும் தடவிப் பாருங்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் பூசாதீர்கள். பலவற்றில் உள்ள பேர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. காய்ச்சலென்று பனடோலும் வேண்டாம். ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடும்.