அம்மா–மகள் படப்புத்தகம்: 4 ஏ4 தாளில் 16 பக்கம், வீட்டிலேயே

பிறந்தநாளுக்கு, அன்னையர் தினத்துக்கு, இல்லாவிட்டால் சும்மா ஒரு லீவு நாளில் மகளோடு இருந்து செய்ய ஏற்ற வேலை இது. கடையில் வாங்கும் படப்புத்தகங்களில் அம்மாவும் மகளும் பனியில் நடக்கிறார்கள், புகைபோக்கி வைத்த வீட்டில் கேக் சுடுகிறார்கள். மட்டக்களப்புப் பிள்ளைக்கு மட்டக்களப்பு வீட்டை வைத்தே ஒன்று செய்து கொடுப்போம். ஸ்கேன் பண்ணவும் தமிழில் ரைப் பண்ணவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. கதை

"அம்மா தெய்வம்" என்று தொடங்கினால் மூன்றாம் பக்கத்திலேயே கதை வற்றிவிடும், வரையவும் ஒன்றும் இருக்காது. கையால் தொடக்கூடிய ஒரு பொருளில் தொடங்குங்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு நல்ல வசதி இருக்கிறது. இங்கே குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழியாக வருவது. வீடும் பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போகும். வயிற்றுவார் என்று பெரியவர்கள் சொல்வது இந்தத் தாய்வழியைத்தான். அந்த வழியே கதை.

என் புத்தகம் முழுக்க ஒரே கேள்விதான்: "இது ஆர் தந்தது?" மகள் தேங்காய் திருவும் திருவலையைக் காட்டிக் கேட்கிறாள். "அம்மம்மா தந்த மனே." ஓரம் பிய்ந்து சீலைத்துண்டு வைத்துத் தைத்த பன்பாயைக் காட்டுகிறாள். அது அம்மம்மாவுக்கு அவவின் அம்மா இழைத்துக் கொடுத்தது. மறுகா கிணறு, மரமுந்திரி, கடைசியில் வீடு. கேள்வி திரும்பத் திரும்ப வருவதால் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் சேர்ந்து "வாசிக்கும்".

ஒரு இடத்திலாவது மகள் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புத்தகம் சொத்துப் பட்டியல் ஆகிவிடும். நான் நடுப்பக்கத்தை அதற்கு வைத்தேன். திருவலையில் இருக்கும் அம்மாவுக்கு இரண்டு கையும் வேலை, மகள் தேங்காய்ப்பூவை ஒரு பிடி அள்ளி அம்மாவின் வாயில் திணிக்கிறாள், பாதி மூக்கில் ஒட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் எழுத்தே இல்லை.

பக்கத்துக்கு 2 வரி போதும். கதை சொல்லும் வரி எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பேச்சை மட்டும் திருத்தாதீர்கள். "மனே", "மறுகா", "ஓம் கா" எல்லாம் அப்படியே வரலாம். "மகளே, பிறகு" என்று மாற்றினால் அவ வேறு யாரோ ஒரு அம்மா.

2. படம்

பிறிஸ்டல் போட்டில் (தடித்த வழவழப்பான அட்டைத்தாள்) போஸ்டர் கலர், இல்லாவிட்டால் கலர் பென்சில். கிரேயான் எனக்குப் பிடிக்காது, மெழுகு மினுங்கி ஸ்கேனில் வெள்ளை வெள்ளையாக விழும். ஒவ்வொரு படமும் ஏ5 அளவு, அதாவது ஏ4 தாளில் பாதி. மடிக்கும் பக்கத்தில் 1.5 சென்ரிமீற்றர் விட்டு வரையுங்கள், முகம் மடிப்புக்குள் போய்விடக் கூடாது. ஸ்கேனர் 300 டிபிஐ. ஸ்கேனர் இல்லையா, காலையில் விறாந்தை நிழலில் வைத்து நேர் மேலே நின்று போனில் எடுங்கள், பிளாஷ் வேண்டாம்.

3. பக்க வரிசை

எல்லாரும் சிக்குவது இங்கேதான், நானும் நிறைய நேரம் தின்றது இங்கேதான்.

1, 2, 3, 4 என்று வரிசையாக அச்சடித்து நடுவில் மடித்தால் கதை குழம்பிவிடும். தாளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுகிறோம் அல்லவா, அதனால் வெளித்தாளின் ஒரு பாதியில் முதல் பக்கமும் மறு பாதியில் கடைசிப் பக்கமும் வரும். 16 பக்கத்துக்கு வரிசை இப்படி:

முதல் தாள்: முன்பக்கம் 16 | 1, பின்பக்கம் 2 | 15
இரண்டாம் தாள்: 14 | 3, பின்னால் 4 | 13
மூன்றாம் தாள்: 12 | 5, பின்னால் 6 | 11
நாலாம் தாள்: 10 | 7, பின்னால் 8 | 9

பக்கத்துப் பக்கத்து எண்களைக் கூட்டிப் பாருங்கள், எப்போதும் 17. மொத்தப் பக்கத்தோடு ஒன்று கூட்டினால் வரும் எண் அது. 20 பக்கம் செய்தால் 21 வர வேண்டும். பக்க எண்ணிக்கை 4 ஆல் பிரிபட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. 8ம் 9ம் மட்டும்தான் ஒரே தாளில் அடுத்தடுத்து விழுந்து, புத்தகத்திலும் எதிரெதிரே வரும் பக்கங்கள். 2ஐயும் 3ஐயும் பாருங்கள், வேறு வேறு தாள். ஒரு படத்தை அங்கே இரண்டு பக்கத்துக்கும் விரித்தால் கோடு கோட்டோடு சேராது, நிறமும் கொஞ்சம் மாறலாம். பெரிய படத்தை நடுவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூளையைக் கசக்க விருப்பம் இல்லாதவர்கள் 1 முதல் 16 வரை சாதாரண ஏ5 பிடிஎப் செய்து, அடோபி ரீடரில் பிரின்ட் கொடுக்கும்போது 'புக்லெட்' என்பதைத் தெரிவு செய்தால் அதுவே அடுக்கிவிடும். எப்படியானாலும் முதலில் வெள்ளைத்தாள் 4 மடித்து, பென்சிலால் பக்க எண் போட்டு ஒரு மாதிரிப் புத்தகம் செய்து கையில் வைத்திருங்கள். பிரின்ட் எடுக்கும் கொமினிகேசன் கடையில் நின்று விளக்கம் சொல்வதை விட அதை நீட்டுவது சுகம்.

4. எழுத்தும் அச்சும்

யுனிகோடில் ரைப் பண்ணுங்கள். பாமினியில் செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். பழைய போட்டோஷொப்பில் யுனிகோட் தமிழைப் போட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். நான் எல்லாவற்றையும் லிப்ரே ஆபிஸில் செய்கிறேன். இலவசம், தமிழ் உடையாது. எழுத்துருவுக்கு 'பாலூ தம்பி' உருண்டையாக, பிள்ளைக்கு வாசிக்க நன்றாக இருக்கும். அளவு 18க்குக் குறைய வேண்டாம்.

கடைக்கு பிடிஎப் மட்டும் கொண்டுபோங்கள். வேர்ட் கோப்பைக் கொடுத்தால் அங்குள்ள கணினி வேறு எழுத்துருவைப் போட்டு வரியை உடைக்கும். இரண்டு பக்கமும் அச்சடிக்கும்போது தாளின் சின்ன விளிம்பில் திருப்பச் சொல்லுங்கள். நீள விளிம்பில் திருப்பினால் ஒரு பக்கம் தலைகீழ். போட்டோகொப்பி எடுக்கும் 80 ஜிஎஸ்எம் தாளில் பின்பக்கப் படம் தெரியும், 100 அல்லது 120 கேளுங்கள்.

5. தையல்

ஸ்டேப்ளர் கம்பி எங்கள் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், நூலால் தையுங்கள். மடிப்பில் 3 துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று. 65 சென்ரிமீற்றர் தடித்த நூலில் மெழுகுதிரியைத் தேயுங்கள். உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே, மேல்துளையால் உள்ளே, நடுவைத் தாண்டி நேராகக் கீழ்த்துளையால் வெளியே, திரும்ப நடுத்துளையால் உள்ளே. உள்ளே ஓடும் நீள நூலின் இரண்டு பக்கமும் நுனிகளை வைத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். பிறகு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் உள்தாள்களை இரும்பு அடிமட்டம் வைத்து கட்டரால் வெட்டினால் சரி.

அட்டைக்கு பிறிஸ்டல் போட். அதன் மேல் மருதமுனைக் கைத்தறித் துண்டு ஒட்டினால் பார்க்க ஒரு களை. கோதுமை மாப் பசை மட்டும் வேண்டாம், கரப்பான் தேடி வரும்.

பின்சேர்க்கை: அட்டை வளைகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். மார்கழி மழையில் ஒட்டினால் அப்படித்தான். கம்மை மெல்லியதாகப் பூசி, மேலே பாரமான புத்தகங்களை ஏற்றி, இரண்டு மூன்று நாள் எடுக்காமல் விடுங்கள். உம்மா, உம்மம்மா என்று மாற்றிச் செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு: தாராளமாக. காத்தான்குடியிலும் கல்முனையிலும் வீடு மகளுக்குத்தானே போகிறது, கதையில் வேறு ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை. கலர் அச்சு செலவு என்பவர்கள் கறுப்புக் கோட்டுப் படமாக அடித்து, நிறம் தீட்டுவதை மகளிடம் விட்டுவிடலாம். அதற்கு லேசர் பிரின்ட்தான் வேண்டும், இன்க்ஜெட் மையில் ஈரத் தூரிகை பட்டால் கரைந்து பரவும்.