தடத்துக்குப் போகும் ஸ்போர்ட்ஸ் செடான்: பிரேக்கிலும் சஸ்பென்ஷனிலும் எதை, எந்த வரிசையில் மாற்றுவது

சாலையில் குறையே சொல்ல முடியாத பிரேக், பந்தயத் தடத்தின் மூன்றாவது நான்காவது சுற்றிலேயே கைவிட்டுவிடுகிறது என்றால், அதன் தரம் மோசம் என்று பொருளில்லை. எந்த அளவு வெப்பத்துக்காக அது வடிவமைக்கப்பட்டதோ, அதைப் பல மடங்கு மீறிய வெப்பம் இங்கே அதன் தலையில் இறங்குகிறது. 1,500 கிலோ எடையுள்ள ஒரு செடான் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 0.2 மெகாஜூல். அதே வண்டி நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் 200 கி.மீ. வேகத்திலிருந்து 80 கி.மீ. வேகத்துக்கு இறங்கும்போது அது 1.9 மெகாஜூலைத் தாண்டுகிறது. ஆறு லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான அந்த ஆற்றலின் பெரும்பகுதி சில வினாடிகளில் சக்கரங்களோடு சுழலும் நான்கு டிஸ்க்குகளுக்குள் (பிரேக் வட்டுகளுக்குள்) இறங்குகிறது. அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் வேலையின் வரிசை தானாக அமைந்துவிடும். முதலில் பிரேக் ஆயில், அதோடு டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேட், அதன் பிறகு சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட். இவ்வளவை மட்டும் செய்துவிட்டு, இரண்டு மூன்று டிராக் நாள்கள் ஓட்டிப் பார்த்த பிறகே ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் பக்கம் போக வேண்டும். பெரிய காலிப்பர் (பேட்டுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி) இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. பலருக்கு அது தேவைப்படாமலே போய்விடும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளக்கும் சிவப்புக் காலிப்பருக்குள் மூன்று ஆண்டுப் பழைய ஆயில் கிடந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன் இருப்பதைச் சோதித்துவிடுங்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்தால் வீல் பேரிங்கிலும் பால் ஜாயிண்டிலும் உள்ள ஆட்டம் கைக்குத் தெரியும். ரப்பர் புஷ் வெடித்திருந்தாலோ ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்திருந்தாலோ அதைச் சரிசெய்வதுதான் முதல் மேம்பாடு.

பிரேக் ஆயிலும் பிளீடிங்கும்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 4 தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் இந்த வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டாட் 5.1 தரத்துக்கு இவை முறையே 260, 180 டிகிரி. பந்தயப் பயன்பாட்டுக்கென்று விற்கப்படும் ஆயில்கள் புதிதாக இருக்கும்போது 300 டிகிரியைத் தாண்டுகின்றன. டாட் 5 என்பது பெயரில் நெருக்கமாக இருந்தாலும் சிலிக்கோன் வகையைச் சேர்ந்தது. அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிக்கு அது ஏற்றதும் அன்று.

ஆயில் அமுங்காது, ஆனால் ஆவி அமுங்கும். காலிப்பருக்குள் ஆயில் கொதித்துக் குமிழிட்ட அடுத்த நொடி, உங்கள் காலின் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே செலவாகி, பெடல் பஞ்சுபோலத் தரைவரை இறங்கிவிடும். அப்படி நேர்ந்தால் பெடலை வேகமாக இரண்டு மூன்று முறை மிதித்துக் கிடைக்கும் அழுத்தத்தைக் கொண்டு வேகத்தைக் குறைத்து, கியரையும் இறக்கி, மெதுவாகப் பிட்டுக்கு (தடத்தோரம் வண்டிகளை நிறுத்தும் இடத்துக்கு) திரும்ப வேண்டும். ஆறிய பிறகு பெடல் மீண்டும் கெட்டியாகத் தோன்றினாலும் அதை நம்பி அடுத்த சுற்றுக்குப் போகாதீர்கள். ஒருமுறை கொதித்த ஆயிலை வெளியேற்றியே ஆக வேண்டும்.

பிளீடிங் (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவது) செய்ய இருவர் இருந்தால் நல்லது. காலிப்பரின் நிப்பிளில் (ஆயிலை வெளியேற்றும் திருகில்) ஒளி ஊடுருவும் குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது புதிய ஆயில் ஊற்றிய புட்டிக்குள் முங்க விடுங்கள். மேலே இருப்பவர் பெடலை மெதுவாக அழுத்தி, பிடித்திருப்பதாகச் சொன்ன பிறகே கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க வேண்டும். பெடல் தரையைத் தொடுவதற்கு முன்பே நிப்பிளை மூடிவிட்டுக் குரல் கொடுத்த பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கு ஒருமுறை தப்பினாலும் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே இழுக்கப்படும். பழைய வண்டிகளில் பெடலை முழு ஆழத்துக்கு மிதிப்பது இன்னொரு வகையிலும் தவறு: பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் வழக்கமாகத் தொடாத, அழுக்கேறிய பகுதிவரை போய்க் கிழிபடும். குழாயில் பழுப்பு நிறம் மறைந்து வெளிர்மஞ்சள் தெரியும்வரை, குண்டூசித் தலையளவு குமிழ்கூட வராத நிலைவரை தொடருங்கள். இடையில் மேலுள்ள தொட்டி காலியானால் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம் என்றாலும், சில வண்டிகளுக்கு வரிசை வேறு; உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்வதே முடிவு.

பேட், டிஸ்க், அவற்றைச் சுற்றியுள்ளவை

ஆயில் கொதித்தால் பெடல் தளரும். பேட் தோற்றால் பெடல் கல்போலக் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. இரண்டையும் வேறுபடுத்தி அறியாமல் பணம் செலவழிக்கக் கூடாது. சாலைக்கான பேட் குளிரிலேயே பிடிக்கும்படி செய்யப்பட்டது. அதன் வெப்ப வரம்பைத் தாண்டினால் உராய்வு சட்டென்று சரிகிறது. தடத்துக்கான பேட் உயர்ந்த வெப்பத்தில் சீராகப் பிடிக்கும், ஆனால் காலையில் முதல் முறை மிதிக்கும்போது சோம்பலாக இருக்கும், கீச்சிடும், சக்கரத்தைக் கருந்தூளால் நிறைக்கும். ஆகவே கடும் பந்தயப் பேட்டைச் சாலையிலும் வைத்திருப்பது ஆபத்து. இரண்டு ஜோடிப் பேட்டுகள் வைத்துக்கொண்டு தடத்துக்குப் போகும்போது மாற்றிக்கொள்வதையே நான் விரும்புகிறேன். மாற்றும்போது டிஸ்க்கின் மேல் படிந்த பழைய பேட்டின் படலம் புதியதோடு ஒத்துப்போகிறதா என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய பேட்டை நேராகத் தடத்தில் சோதிக்காதீர்கள். அதிலுள்ள பிசின் முதல் முறை சூடேறும்போது வாயுவாக வெளியேறி, பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே வழுக்கலை உண்டாக்கும். ஆளற்ற, பாதுகாப்பான இடத்தில் நடுத்தர வேகத்திலிருந்து வேகத்தைக் குறைப்பதும் மீண்டும் ஏற்றுவதுமாகப் பலமுறை செய்து, ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்; முழுவதுமாக நிறுத்திவிடக் கூடாது. பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கின் மேல் பேட்டை அழுத்தியபடி நின்றால் அந்த இடத்தில் மட்டும் பேட்டின் பொருள் தடிப்பாக ஒட்டிக்கொள்ளும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் புலம்பும் ஸ்டீயரிங் நடுக்கத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

டிஸ்க்கைப் பொறுத்தவரை துளையிட்டவை அழகானவை, அவ்வளவுதான். இரும்பு டிஸ்க்கில் விரிசல்கள் அந்தத் துளைகளின் விளிம்பிலேயே தொடங்குகின்றன. உட்காற்றுவழியுள்ள சாதாரண டிஸ்க்கோ கோடு வெட்டிய டிஸ்க்கோ போதும். மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்கள் தோன்றுவது இயல்பு. கீறல் டிஸ்க்கின் விளிம்பை எட்டினாலோ, நகம் அதில் மாட்டினாலோ அந்த டிஸ்க்கின் ஆயுள் முடிந்தது. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பேட்டும் பாதி தேய்ந்துவிட்டால் தடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மெலிந்த பேட் வெப்பத்தைத் தடுக்காமல் நேராக ஆயிலுக்குக் கடத்திவிடும்.

ஆயிலும் பேட்டும் மாற்றிய பிறகும் வெப்பம் மிஞ்சினால், அடுத்து முன்பம்பரிலிருந்து குழாய் வழியே காற்றைக் கொண்டுவர வேண்டும். அந்தக் காற்று டிஸ்க்கின் வெளிமுகத்தில் மோதினால் பயன் குறைவு. அதன் நடுப்பகுதிக்குள் நுழைந்தால் உள்ளிருக்கும் இறக்கைகளே அதை இழுத்து விளிம்பு வழியாக வெளியே தள்ளும். எஃகு வலை பின்னிய பிரேக் ஹோஸ் அழுத்தத்தில் உப்பாததால் பெடலின் உணர்வு துல்லியமாகும், ஆனால் நிறுத்தும் தூரம் அதனால் குறையாது. பொருத்திய பிறகு ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பியும், சக்கரத்தைத் தொங்கவிட்டும் அது எங்கும் இழுபடவில்லை, உரசவில்லை என்று பார்த்துவிட வேண்டும்.

பெரிய காலிப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு உங்கள் பிரேக் ஏற்கெனவே பிடிக்கிறது என்றால், வண்டியை நிறுத்துவதில் எல்லை டயர்தான். பெரிய டிஸ்க் தருவது வெப்பத்தைத் தாங்கும் கொள்ளளவு மட்டுமே. முன்புறத்தில் மட்டும் பெரிய பிஸ்டன்களைப் பொருத்தினால் பிரேக் விசை முன்பக்கம் சாய்ந்து, பின்பக்க பிரேக் சும்மா கிடக்க, நிறுத்தும் தூரம் அதிகரிக்கவும்கூட வாய்ப்புண்டு.

சஸ்பென்ஷன்: கெட்டியாக்குவது நோக்கமன்று

நோக்கம், வளைவிலும் மேடுபள்ளத்திலும் டயரின் முகம் முழுவதும் தரையில் பதிந்திருப்பது. ஸ்போர்ட்ஸ் செடான்கள் பலவற்றில் முன்புறம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு இருக்கிறது. எளிமையான, உறுதியான அமைப்பு அது. ஆனால் வண்டி சாயும்போது சக்கரமும் கிட்டத்தட்ட அதோடு சேர்ந்தே சாய்ந்துவிடுவதால், டயரின் வெளிவிளிம்பின் மேல் பாரமெல்லாம் ஏறி, ஒரே நாளில் அது உருகித் தேய்ந்துவிடும். இதற்கு மருந்து எதிர்மறைக் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதியைச் சற்று உள்ளே சாய்ப்பது. சாலைக்கான அமைப்பில் இது பெரும்பாலும் 1 டிகிரியை ஒட்டியே இருக்கும். தடத்துக்கு முன்புறம் 2 முதல் 3 டிகிரிவரை தேவைப்படலாம். மேல் மவுண்டை நகர்த்தக்கூடிய கேம்பர் பிளேட்டைப் பொருத்தினால் இது கைக்குள் வரும். என்னைக் கேட்டால், சஸ்பென்ஷனில் செலவழிக்கும் பணத்துக்கு இதைவிடப் பயனுள்ள மாற்றம் வேறில்லை.

எத்தனை டிகிரி என்பதை டயரே சொல்லும். வேகமான சுற்றுகளை முடித்து நேராகப் பிட்டுக்குள் வந்து, ஊசிமுனை வெப்பமானியை டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்று இடங்களில் ரப்பருக்குள் செலுத்திப் படியுங்கள். உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட 5 முதல் 10 டிகிரி சூடாக இருப்பது நல்ல அறிகுறி. வெளிவிளிம்பு அதிகம் சூடானால் கேம்பர் போதவில்லை. நடுப்பகுதி மட்டும் சூடானால் காற்று அதிகம். முன்சக்கர டோவை (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்களின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை) பூஜ்ஜியத்திலோ மிகச் சிறிது வெளிநோக்கியோ வைக்கலாம். பின்சக்கர டோ சற்றே உள்நோக்கி இருக்கட்டும். அதிவேகத்தில் வண்டி அலைபாயாமல் இருப்பது அதனால்தான்.

வண்டியைத் தாழ்த்துவதில்தான் நான் சூடுபட்டுக்கொண்டேன். என் முதல் செடானின் உயரத்தை 40 மி.மீ. குறைத்தபோது பார்ப்பதற்கு எடுப்பாக இருந்தது. ஓட்டினால் வளைவின் நடுவில் முன்புறம் திடீரென்று வெளியே தள்ளிக்கொண்டு போனது. ஒரு மாதம் டயரைக் குறைசொன்ன பிறகு, ஷாக் அப்சார்பரின் தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டையைக் கட்டி ஓட்டிப் பார்த்தேன். திரும்பி வந்தபோது அது பம்ப் ஸ்டாப்பை (அமுங்கலின் எல்லையில் இருக்கும் ரப்பர்க் கட்டையை) ஒட்டித் தள்ளப்பட்டிருந்தது: ஸ்பிரிங் அமுங்க இடமே இல்லாமல், வண்டி ரப்பர்க் கட்டையின் மேல் வளைந்துகொண்டிருந்திருக்கிறது. மெக்பெர்சன் அமைப்பில் இன்னொரு கேடும் உண்டு. சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கீழ்க்கை கிடைமட்டத்தைத் தாண்டிச் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாயும் அளவுக்குத் தாழ்த்தினால், உருளல் மையம் (வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாக இறங்கிவிடுவதால், தாழ்ந்த வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயும். 15 முதல் 25 மி.மீ. போதும்; சில வண்டிகளுக்கு அதுவும் வேண்டாம்.

ஸ்பிரிங்கின் கடினத்தை எண்ணாகப் பார்த்து ஏமாறாதீர்கள். சக்கரம் 10 மி.மீ. நகரும்போது ஸ்பிரிங் 7 மி.மீ. மட்டுமே அமுங்கும் அமைப்பில், சக்கரத்தில் உணரப்படும் கடினம் 0.7-இன் வர்க்கம், அதாவது 0.49 மடங்குதான். ஆகவே ஒரு வண்டியில் கச்சிதமாக இருக்கும் எண் மற்றொன்றில் அர்த்தமற்றது. ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் அதை அடக்கும் திறனுள்ள ஷாக் அப்சார்பரும் உடன் வர வேண்டும். பழையதையே விட்டுவைத்தால் வண்டி ஒவ்வொரு மேட்டுக்கும் குதித்துக்கொண்டே போகும். சரிசெய்யக்கூடிய ஷாக் அப்சார்பரில், தயாரிப்பாளர் சொன்ன நடுநிலையில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரு முனையில் மட்டும் இரண்டு கிளிக் மாற்றி, ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் தண்டான ஆன்டி-ரோல் பாரின் கதை எளிது: முன்புறத்தைக் கடினமாக்கினால் முன்சக்கரம் முதலில் வழுக்கும், பின்புறத்தைக் கடினமாக்கினால் பின்சக்கரம். வண்டி வளைய மறுத்தால் பின்புறப் பாரை ஒரு துளை கடினமாக்கிப் பாருங்கள். ஈரமான நாளில் அதை மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள்.

தடத்தில் அந்த நாள்

குளிர்ந்த நிலையில் டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தே தொடங்குங்கள். 20 டிகிரியில் 32 பிஎஸ்ஐ நிரப்பிய டயருக்குள் காற்று 70 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் 40 பிஎஸ்ஐ ஆகிவிடும். வீல் நட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, முதல் ஓட்டத்துக்குப் பிறகு மீண்டும் சோதியுங்கள். தடத்தின் மேட்டு விளிம்பான கெர்பின் மேல் பலமாக ஏறி இறங்கிய பிறகு அடுத்த பிரேக்கிங்குக்கு முன் இடக்காலால் பெடலை லேசாகத் தட்டிப் பாருங்கள்; அதிர்வில் பிஸ்டன்கள் பின்தள்ளப்பட்டிருந்தால் முதல் மிதி வெறுமையாகப் போகும்.

கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி முடியுங்கள். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். டிஸ்க்குகள் கைவைக்கும் அளவுக்கு ஆறிய பிறகு சக்கரங்களைக் கழற்றி, பேட்டின் தடிமனையும் டிஸ்க்கின் விளிம்பையும் ஹோஸையும் பார்த்து, சாலைப் பேட்டுகளைத் திரும்ப மாட்டி, பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.