பிளாகரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு: தேடலில் பெற்ற இடத்தைப் பறிக்கும் தவறுகள்

கடந்த சில மாதங்களில் மட்டும் மூன்று பேர், தம் தமிழ் வலைப்பதிவைப் பிளாகரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாற்றியபின் கூகுள் வழியாக வந்துகொண்டிருந்த வாசகர்கள் நின்றுபோனதாகச் சொல்லி என்னிடம் வந்தார்கள். மூவரும் செய்திருந்தது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு. சொந்த டொமைனில் பிளாகர் நடத்தி, அதே டொமைனோடு வேர்ட்பிரஸுக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். காப்புப்பிரதி எடுக்காமல் தொடங்குவது, சோதனையின்போது தேடுபொறிகளுக்கு இட்ட தடையை நீக்க மறப்பது ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் எச்சரித்துவிட்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய முகவரிகள் அனைத்தையும் முகப்புக்குத் திருப்புவது

என் அத்தையின் சமையல் வலைப்பதிவில் சுமார் 700 பதிவுகள் இருந்தன. அவற்றை வேர்ட்பிரஸுக்குக் கொண்டுவந்த மறுநாளே, பழைய இணைப்புகளைச் சொடுக்கியவர்களுக்கெல்லாம் 404 பிழை தோன்றியது. பதறிப்போய், இல்லாத பக்கங்களையெல்லாம் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பும் செருகுநிரல் (பிளகின்) ஒன்றை நிறுவினேன். பிழைகள் உடனே மறைந்தன. வேலை முடிந்தது என்று நம்பிவிட்டேன். சில வாரங்கள் கழித்து அத்தை தொலைபேசியில் அழைத்து, "வத்தக்குழம்புன்னு தேடினா முன்னாடி நம்மளுதுதான் முதல்ல வரும், இப்ப எங்கயுமே காணோமேப்பா" என்று கேட்டபோதுதான் நான் செய்ததன் விளைவு எனக்குப் புரிந்தது.

தேடுபொறி ஒரு பதிவுக்குத் தரும் மதிப்பு, அந்தப் பதிவின் முகவரியோடு சேர்ந்தே வளர்கிறது. பிறர் தந்த இணைப்புகளும் அந்த முகவரியையே சுட்டுகின்றன. வத்தக்குழம்பின் முகவரி முகப்புக்குத் திரும்பினால், அங்கே வத்தக்குழம்பு இல்லை என்பதைக் கூகுள் கண்டுகொள்கிறது. தொடர்பற்ற பக்கத்துக்குச் செய்யும் இத்தகைய திருப்பத்தை அது மென்மையான 404, அதாவது பிழை காட்டாவிட்டாலும் இல்லாத பக்கத்துக்குச் சமம் என்று கருதி, பழைய முகவரியைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். பிழை வெளிப்படையாகத் தெரிந்திருந்தால் உரிமையாளர் மறுநாளே கவனித்திருப்பார். இந்தச் செருகுநிரல் அதை மறைத்துவிடுவதால் மாதங்கள் வீணாகின்றன. இதை இன்றும் ஒரு தீர்வாகப் பரிந்துரைப்பவர்களைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது.

தமிழ்ப் பதிவர்களுக்கு இதில் கூடுதலான ஒரு சிக்கல் உண்டு. பிளாகர் தானாக முகவரி அமைக்கும்போது தலைப்பிலுள்ள தமிழ் எழுத்துகளை விட்டுவிடும். தலைப்பில் ஆங்கிலச் சொல் ஏதும் இருந்தால் அது மட்டும் எஞ்சும். இல்லையென்றால் ஆண்டு, மாதம், அதன்பின் "பிளாக்-போஸ்ட்" என்ற பொதுப்பெயர், அதற்கும் பின்னால் ஓர் எண் என்று முகவரி அமைந்துவிடும். வேர்ட்பிரஸோ தலைப்பிலிருந்து புதிய முகவரியை உருவாக்குகிறது. இரண்டுக்கும் இடையே ஒற்றுமையே இல்லாததால், ஒரே விதியை எழுதி 700 பதிவுகளையும் திருப்பிவிட முடியாது. எந்தப் பழைய முகவரிக்கு எந்தப் புதிய முகவரி என்று ஒன்றுக்கொன்று பொருத்திய அட்டவணை வேண்டும்.

அந்த அட்டவணையை டொமைனை வேர்ட்பிரஸோடு இணைப்பதற்கு முன்பே தயாரிக்க வேண்டும். தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவி 16 மாதத் தரவை வைத்திருந்தாலும், அதன் திரையிலிருந்து பதிவிறக்கும் பட்டியலில் 1,000 வரிகள்தான் கிடைக்கும்; ஆகவே பெரிய தளங்களுக்குப் பிளாகரின் காப்புக் கோப்பே நம்பகமானது. பிளாகர் இறக்குமதிச் செருகுநிரல் ஒவ்வொரு பதிவின் பழைய முகவரியையும் ஒரு தனிப்புலத்தில் சேமித்துவைக்கிறது. பலர் இதைப் பார்ப்பதேயில்லை. இன்னும் பாதுகாப்பான வழி, வேர்ட்பிரஸில் முகவரி அமைப்பை ஆண்டு, மாதம், பதிவுப்பெயர், எச்டிஎம்எல் என்று வைத்து, பதிவுப்பெயராகப் பழையதையே இடுவது; ஆனால் ஒரே பதிவுப்பெயரை இரு பதிவுகளுக்கு வேர்ட்பிரஸ் ஏற்காது என்பதால், வெவ்வேறு மாதங்களில் திரும்ப வரும் பொதுப்பெயர்களுக்கு அட்டவணை வேண்டியிருக்கும். முகவரி மாறாவிட்டால் திருப்பவே வேண்டியதில்லை. அது அழகாக இல்லை என்று தயங்குபவர்களிடம், வருகிற வாசகரைவிட முகவரியின் அழகு பெரிதா என்று கேட்பேன்.

அத்தையின் தளத்துக்கு அந்த அட்டவணையைப் பிறகு கையாலேயே செய்து முடித்தேன். பெரும்பாலான பதிவுகள் மெல்ல மீண்டன. வத்தக்குழம்பு மட்டும் முதலிடத்துக்குத் திரும்பவேயில்லை.

நீளமான தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக விடுவது

முகவரியில் "க" என்ற ஓர் எழுத்து %E0%AE%95 என 9 குறிகளாகக் குறியாக்கப்படுகிறது. "கி" என்றால் உயிர்மெய்க்குறியும் சேர்ந்து 18. வேர்ட்பிரஸ் பதிவுப்பெயருக்கு 200 குறிகளையே அனுமதிப்பதால், உயிர்மெய்க்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனி எழுத்தாக எண்ணினால் 22 எழுத்தளவில் தலைப்பு வெட்டுப்படும். "கிராமத்து முறையில்" என்று தொடங்கும் நான்கு பதிவுகள் இருந்தால், வெட்டுப்பட்டபின் அவை ஒரே பெயராகி, பின்னால் 2, 3 என்ற எண்களால் மட்டும் வேறுபடக்கூடும். அட்டவணையை அதற்குப் பின் தயாரித்தால் எது எதுவென்று குழம்பிவிடும். பதிவுப்பெயரைச் சுருக்கமாக நீங்களே இடுங்கள்.

அப்பாச்சி சேவையகத்தில் விதி எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு: அது குறியாக்கத்தை அவிழ்த்த பின்னரே முகவரியை ஒப்பிடுகிறது. ஆகவே பழைய முகவரியில் தமிழ் இருந்தால் விதியிலும் தமிழ் எழுத்துகளையே எழுத வேண்டும். விழுக்காட்டுக் குறிகளோடு (%) எழுதிய விதி பொருந்தாது.

302 திருப்பம்

அது தற்காலிகத் திருப்பத்துக்கு உரிய எண், நிரந்தரத்துக்கு உரிய 301 இடுங்கள்.

முகவரி மாற்றக் கருவி

டொமைன் மாறவில்லையென்றால் சர்ச் கன்சோலின் அந்தக் கருவியைத் தொட வேண்டியதில்லை.

திருப்பங்களைச் சீக்கிரம் நீக்குவது

குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. நான் எடுப்பதே இல்லை.

கைப்பேசி முகவரிகளை மறப்பது

பிளாகர், கைப்பேசியில் திறப்பவர்களுக்கு முகவரியின் இறுதியில் கேள்விக்குறியும் "எம்=1" என்பதும் சேர்த்துக் காட்டும். வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் ஆண்டுக்கணக்காகப் பகிரப்பட்டவற்றில் கணிசமானவை இந்த வடிவில்தான் இருக்கின்றன. முகவரி முழுதும் அப்படியே ஒத்திருந்தால்தான் திருப்பும் செருகுநிரலில், சரியாகத் தயாரித்த அட்டவணைகூட இவற்றுக்கு உதவாது. மாற்றிய அன்றே, உங்கள் தளத்தில் அதிகம் படிக்கப்பட்ட 20 பதிவுகளின் பழைய இணைப்புகளை அந்த ஒட்டோடும் ஒட்டின்றியும் கைப்பேசியில் திறந்து, ஒவ்வொன்றும் தன் பதிவுக்கே போய்ச்சேர்கிறதா என்று பாருங்கள்.